ஆரஞ்சு பார்க்கப் போனவர்கள்

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தோழி போன மாதம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருக்கிறார். 2023 அக்டோபரில் எங்களோடு நாக்பூர் போய்வந்த ரயில் பயணம் அதில் சில பக்கங்கள் வருகிறதாம். "போன பயணத்தை எழுதிவிட்டேன். திரும்பி வந்த பயணத்தை எழுதட்டுமா? வேண்டுமானால் உங்கள் பெயர்களை மாற்றிவிடுகிறேன்" என்று கேட்டிருந்தார்.

நாங்கள் இருவரும் அதைப் பற்றி மூன்று நாள் பேசினோம். பேசினோம் என்பதைவிட, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றிச் சுற்றி வந்தோம் என்பதுதான் சரி. கடைசியில், எழுதுங்கள், பெயரை மாற்ற வேண்டாம், ஆனால் உங்களுக்கு முன்னால் நாங்களே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறோம் என்று பதில் போட்டோம்.

பிள்ளைகள் என்று சொன்னது உங்களைத்தான். இதைப் படிக்கும் பலர் எங்கள் பயிலரங்குகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். "யாராவது சாதியைக் கேட்டால் தலையைக் குனியாதே, கண்ணைப் பார்த்துச் சொல்" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். இருவரும் சமூகவியலில் முதுகலை படித்தவர்கள், பத்தாண்டுக்கு மேல் இதே வேலையில் இருப்பவர்கள். ஆகவே இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தோழி ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பெண். களப்பணிக்காக நான்கு மாதம் எங்களோடு விழுப்புரம் பக்கத்து ஊர்களில் சுற்றினார். ஊர் திரும்புவதற்கு முன் தீட்சா பூமியைப் பார்க்க ஆசைப்பட்டார். 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்ற இடம். அன்று விஜயதசமி. அதனால் ஆண்டுதோறும் விஜயதசமி அன்று நாக்பூரில் மக்கள் திரள்வார்கள். 2023இல் அது அக்டோபர் 24இல் வந்தது.

திரும்பி வருவதற்கு ஸ்லீப்பரில் மூன்று பெர்த் உறுதியாகிவிட்டது. போவதற்கு மட்டும் வெயிட்டிங் லிஸ்ட். பண்டிகை நேரம், எண்பதுக்கு மேல் நின்றுகொண்டு இறங்கவே இல்லை. தோழிதான் எங்கேயோ படித்துவிட்டு வந்து, வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று சில ரயில்களில் தனி ஒதுக்கீடு இருக்கிறதே என்றார். உண்மைதான். பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டினால் ஏசி பெட்டியில் அவருக்கு இடம் கிடைக்கலாம். (இந்த ஒதுக்கீட்டைப் பார்த்து மட்டும் யாரும் 'தகுதி போச்சே' என்று அழுவதில்லை.) "உங்கள் நாட்டு ரயிலில் எனக்கு இடம் இருக்கிறது, உங்களுக்கு இல்லையா?" என்று சிரித்தார். பிறகு, நீங்கள் எதில் வருகிறீர்களோ அதில்தான் நானும் வருவேன் என்று சொல்லிவிட்டார். நாங்கள் போவதாக இருந்தது ஜெனரலில்.

சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணி டெல்லி ரயிலுக்கு ஏழரைக்கே வரிசை நின்றது. கட்டட வேலை முடிந்து உத்தரப் பிரதேசத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் பண்டிகைக்குப் போகிறவர்கள். பெயின்ட் வாளிக்குள் துணிமணியைத் திணித்து மூடி, அதையே உட்காரும் முக்காலியாகவும் வைத்திருந்தார்கள். முன்பதிவு இல்லாத டிக்கெட்டுக்கு எண்ணிக்கை கிடையாது. நூறு பேருக்குள் உட்காரும் பெட்டிக்கு எத்தனை பேர் கேட்டாலும் கவுன்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததும் வரிசை உடைந்தது. ஜன்னல் வழியாகத் துண்டு விழுந்தது, பை விழுந்தது, ஒரு சின்னப் பையனே அவசர ஜன்னல் வழியாக உள்ளே போனான். நாங்கள் மூவரும் ஏறவில்லை, ஏற்றப்பட்டோம்.

உள்ளே கழிவறைக்குப் பக்கத்தில், கை கழுவும் இடத்தை ஒட்டி நின்றோம். தலைக்கு மேல் லக்கேஜ் கேரியரில் கால்கள் தொங்கின. இரண்டு கேரியர்களுக்கு நடுவில் ஒருவர் லுங்கியைத் தூளி போலக் கட்டி அதில் படுத்துவிட்டார். கழிவறைக்குள்ளேயே நான்கு பேர் நின்றார்கள். யாராவது போக வேண்டுமென்றால் அந்த நால்வரும் வெளியே வந்து இடம் மாற வேண்டும். அந்த நால்வருக்கான இடம் வெளியே இல்லை.

முதல் அரை மணி நேரம் தோழிக்கு நல்லதாக இல்லை. இளைஞர்கள் சிலர் அவருடைய நிறத்தைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருவர் தன் பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். "ஆப்பிரிக்காவா? நைஜீரியாவா?" என்று எங்களிடம் கேட்டார்கள், அவர் அங்கே இல்லாத மாதிரி. எங்களில் ஒருவர் "அமெரிக்கா" என்றோம். அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஆய்வேட்டில் எப்படி எழுதியிருக்கிறாரோ, நாங்கள் பார்த்தது இதுதான்: ஒரு நிமிடத்தில் அவருக்கு உட்கார இடம் வந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஆறாவதாக ஓர் இடம். ஒருவர் தன் துண்டை விரித்துத் தட்டிவிட்டார். செல்ஃபி எடுத்தார்கள். அதே நிறம், அதே முகம். ஒரு நாட்டின் பெயர் போதுமானதாக இருந்தது.

எங்கள் காலடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தார். தோழி எழுந்து அவரை அந்த இடத்தில் உட்காரச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணும் எழுந்திருக்கவில்லை, நீங்க உட்காருங்க என்று கையைக் காட்டினார். தோழி மறுபடி உட்கார்ந்தார். வாரங்கல் வரை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நள்ளிரவுக்கு மேல் கொஞ்சம் அடங்கியது. இந்தப் பெட்டிகளை ஏன் ரயிலின் இரண்டு முனைகளில் வைக்கிறார்கள் என்று கேட்டார். எங்கள் பெட்டி எஞ்சினுக்கு அடுத்ததாக இருந்தது. நடுவில் ஏசி, அதற்கு இரு பக்கமும் ஸ்லீப்பர், நுனியில் ஜெனரல், பல ரயில்களில் இந்த வரிசைதான் என்றோம். ஏறி இறங்கும் கூட்டம் பிளாட்பாரத்தின் நடுவில் நெரியாமல் இருக்க அப்படி என்று சொல்வார்கள் என்றும் சொன்னோம். அவர் தலையாட்டினார். "எங்கள் தென் மாநிலங்களில் கறுப்பர்களுக்கான பெட்டியும் பெரும்பாலும் எஞ்சினுக்கு அடுத்துதான் இருக்கும். கரியும் புகையும் அங்கேதான் வரும். மோதினால் முதலில் நொறுங்குவதும் அதுதான்" என்றார்.

அதற்கு நான்கு மாதம் முன்புதான் ஒடிசாவில் பாலசோர் விபத்து நடந்திருந்தது. ஜூன் 2. சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பதிவுப் பெட்டியில் வந்தவர்களுக்குப் பட்டியலில் பெயர் இருந்தது, வயது இருந்தது. ஜெனரலில் வந்தவர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. புவனேஸ்வரத்தில் குளிர்ப்பெட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்த உடல்களில் யாரும் கேட்டு வராத 28 உடல்களை, நாங்கள் நாக்பூர் போன அதே அக்டோபரில்தான் மாநகராட்சியே எரித்தது. இதைச் சொன்னபோது அவர் நோட்டை எடுக்கவில்லை. நாங்கள் மூவரும் பெட்டியைச் சுற்றிப் பார்த்தோம். எல்லாரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் இல்லாமல் பயணம் செய்வதில் இன்னொன்றும் இருக்கிறது. கதவோரம் எங்களோடு நின்று வந்த ஒரு தம்பி, இருபத்திரண்டு வயது இருக்கும், சென்னையில் கம்பி கட்டும் வேலை, ஊர் காசிப்பூர் பக்கம். "அண்ணா, சாப்டாச்சா?" என்கிற அளவுக்குத் தமிழ். மேலே கேரியரில் படுத்திருந்த அவர் ஊர்ப்பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் முழுப் பெயர் என்ன என்று கேட்டார். "குமார்" என்றான். குமாருக்கு அப்புறம் என்ன? "பஸ், குமார்" என்றான். அவ்வளவுதான், வெறும் குமார். பெரியவர் ஒரு நொடி அவனைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார். வடக்கே குமார் என்பது பெயரின் வால் அல்ல, மூடி. அது எங்களுக்கு உடனே புரிந்தது. விஜயவாடா தாண்டி வெளுத்துவரும் நேரத்தில் எங்கள் பையில் குத்தியிருந்த நீல வில்லையைப் பார்த்தான். அண்ணலின் படம் போட்டது. யாருக்கும் கேட்காத குரலில் "ஜெய் பீம்" என்றான். நாங்களும் சொன்னோம். அதற்குப் பிறகு நாக்பூர் வரை அவன் எங்கள் பையைப் பார்த்துக்கொண்டான்.

காலையில் புளிச்சோற்றைப் பிரித்தோம். குமார் சாப்பிட்டான், கைக்குழந்தைக்காரப் பெண் சாப்பிட்டார், பெஞ்சில் இருந்தவர்களும் கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டார்கள். ரயிலில் இவ்வளவு விற்கும்போது ஏன் இவ்வளவு கட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று தோழி கேட்டார். எங்களில் ஒருவருடைய ஆயா பஸ்ஸில் திண்டிவனம் போவதென்றாலும் தூக்குவாளியில் தண்ணியும் துணியில் கட்டிய சோறும் இல்லாமல் கிளம்ப மாட்டார். ஸ்டேஷனில் குழாய் வந்த பிறகும், கடையில் எல்லாருக்கும் ஒரே டம்ளர் என்று ஆன பிறகும் அப்படித்தான். வழியில் தண்ணி கேட்க வேண்டி வந்தால் முதலில் யார் நீ என்று கேட்பார்கள். கேட்காமல் இருக்க, தூக்குவாளி. இதைச் சொல்லி முடிக்கும் முன்பே தோழி சிரித்துவிட்டார். அவருடைய பாட்டி ரயிலில் கிளம்பும்போது செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கேக்கும் வைத்து எடுத்துக்கொள்வாராம். உணவுப் பெட்டியில் கறுப்பர்களுக்குப் பரிமாற மாட்டார்கள். அந்தச் சட்டம் போன பிறகும் பாட்டிக்கு அட்டைப்பெட்டி போகவில்லையாம். புளிச்சோறு ஒட்டிய விரல்களோடு அவர் அதைச் சொல்லச் சொல்ல நாங்கள் குமாருக்கு அரைகுறை இந்தியில் சொன்னோம். அந்தப் பெட்டியில் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். உட்கார இடமில்லை, கால் மரத்துப்போயிருந்தது, ஆனாலும்.

நாக்பூரைப் பற்றி நிறைய எழுதலாம், இங்கே வேண்டாம். வெள்ளை உடையில் கடல், தெருவெங்கும் இலவசச் சோறு, கண்ணுக்கெட்டிய தூரம் புத்தகக் கடைகள். சாப்பிட்டதற்குச் செலவில்லை, கையிலிருந்த காசு முழுவதும் புத்தகமாகப் போனது. அண்ணல் கொடுத்த 22 உறுதிமொழிகளை மேடையில் சொல்லச் சொல்ல, கூட்டத்தோடு நாங்களும் சொன்னோம். தோழி அழுதார். நாங்களும்தான்.

மறுநாள் திரும்பும் ரயில். டெல்லியிலிருந்து வந்தது. ஸ்லீப்பர் பெட்டியிலும் கூட்டம் வழிந்தது. தீட்சா பூமியிலிருந்து திரும்பும் கிராமத்து மக்கள், கிழவிகள், பிள்ளைகள், ஜெனரலில் ஏற முடியாமல் இதில் ஏறி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பெர்த்துக்கு எதிரே காசிக்குப் போய்விட்டு வரும் ஒரு தமிழ்த் தம்பதி. ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். அம்மா எங்களைப் பார்த்ததும் "அப்பாடா, தமிழா!" என்று மலர்ந்துவிட்டார். இரண்டு நாளாகப் பேச ஆளில்லாமல் வந்தவர்கள். நகர்ந்து உட்கார்ந்து, முறுக்கு கொடுத்து, தோழியின் பின்னல்களைத் தொட்டுப் பார்த்து "யாரும்மா இப்படிப் பொடிப்பொடியாப் பின்னிவிட்டது, எத்தனை நாளாச்சு?" என்று கேட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்கள். இதை நாங்கள் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்ல மனிதர்களாக இருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

ஐயா நடைபாதையைக் காட்டி, "வருஷா வருஷம் இந்த நாள்ல இப்படித்தானாம் தம்பி. டிடிஇ சொன்னார். டிக்கெட்டே எடுக்கறதில்ல, எல்லாம் ஓசி" என்றார். பிறகு ஒரு ஜோக் சொன்னார். "ரிசர்வேஷன் ஆளுங்க ரிசர்வேஷன் பெட்டியில ரிசர்வேஷன் இல்லாம ஏறியிருக்காங்க, பாத்தீங்களா?"

எங்களில் ஒருவர் சிரித்தோம்.

யார் சிரித்தது என்று எழுதவில்லை. மற்றவர் சும்மா இருந்தோம், அது பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போதே எங்களில் ஒருவருடைய கை பைமேல் போயிருந்தது. நீல வில்லையைக் கழற்றிப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் போட்டோம். புத்தகங்கள் இருந்த துணிப்பையில் அண்ணலின் படம் பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைத் திருப்பி வைத்தோம். ஒரு நிமிட வேலை. யோசித்துச் செய்ததாக நினைவில்லை.

"நாக்பூர்ல என்ன ஜோலி?" என்றார் அம்மா.

"இவங்க வெளிநாட்டிலேர்ந்து வந்திருக்காங்க. சுத்திக் காட்டலாம்னு... ஆரஞ்சுத் தோட்டமெல்லாம்."

"ஓ, நாக்பூர் ஆரஞ்சு!"

அவ்வளவு சுலபமாக இருந்தது. தோழியின் பாஸ்போர்ட்டில் நாங்களும் ஏறிக்கொண்டோம். வெளிநாட்டுக்காரரோடு ஆங்கிலம் பேசிக்கொண்டு வரும் தமிழர்கள், படித்தவர்கள், கன்ஃபர்ம் டிக்கெட் உள்ளவர்கள். அதற்குப் பிறகும் அந்தக் கேள்வி வந்தது. வராமல் இருக்குமா? சொந்த ஊர் எது? விழுப்புரம் பக்கமா, எந்த ஊர்? அட, அங்கே எங்க அக்கா சம்பந்தி வீடு இருக்கே, நீங்க அங்கே எந்தப் பக்கம்? ஊருக்குள்ளேயா?

தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கடைசிக் கேள்வியை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் அந்த அம்மா காலனி என்ற சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. ஊருக்குள்ளேயா என்று மட்டும்தான் கேட்டார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல" என்றோம். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டு கிடையாது. நிறுத்தம் இருக்கிறது, அது ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிறது.

ஐயா தோழியிடம் ஆங்கிலத்தில் கேட்டார், நாக்பூரில் உங்களுக்கு எது பிடித்தது என்று. தமிழ் தெரியாதவர், நாங்கள் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வில்லை ஜிப்புக்குள் போனதைப் பார்த்திருந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எங்கள் பேச்சில் அவருக்குப் புரிந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, "ஆரஞ்சு" என்றார்.

அம்மா, பிளாஸ்டிக் பாட்டிலில் தனியாக வைத்திருந்த கங்கைத் தண்ணீரை எல்லார் உள்ளங்கையிலும் ஊற்றினார். குடித்தோம். 22 உறுதிமொழி சொல்லி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நாக்பூரில் வாங்கிய ஆரஞ்சு பர்ஃபியைத் திறந்து நீட்டினோம். அம்மா இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். அவர் மென்று விழுங்கும்வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகுதான் அப்படிப் பார்த்தது எங்களுக்கே உறைத்தது.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு தோழி கதவருகே போய் நின்றார். நாங்களும் போனோம். அவர் எங்களைக் குற்றம் சொல்லவில்லை. தன் பாட்டியின் அக்கா ஒருத்தரைப் பற்றிச் சொன்னார். வெளிர் நிறம், நேரான முடி. ஒருநாள் வெள்ளையர் பெட்டியில் ஏறி வடக்கே போனவர், அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. செத்துப்போனாரா, எங்கே பிள்ளைகுட்டிகளோடு வெள்ளையராக வாழ்ந்தாரா, வீட்டில் யாருக்கும் தெரியாது. பாட்டி அவரைத் திட்டியதில்லையாம். புகைப்படத்தை மட்டும் சுவரிலிருந்து எடுத்துவிட்டாராம்.

அப்புறம் ஹோமர் பிளெஸ்ஸியைப் பற்றிச் சொன்னார். 1892இல் லூசியானாவில் முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தவர். எட்டில் ஒரு பங்குதான் கறுப்பர், பார்த்தால் தெரியாது. அவராகச் சொன்னால்தான் தெரியும். நடத்துனர் கேட்டார், அவர் சொன்னார், எழுந்திருக்க மறுத்தார், கைதானார். சட்டத்தை எதிர்ப்பதற்காகவே ஒரு குழு திட்டமிட்டுச் செய்தது அது. 1896இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பிரித்து வைத்தாலும் சமம்தான் என்று தீர்ப்பு வந்தது. "அவருக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது, வழக்கறிஞர் இருந்தார்" என்றார் தோழி. "என் பாட்டியின் அக்காவுக்குப் பின்னால் யாருமில்லை." எங்களுக்கு ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் ஓர் இயக்கமே இருக்கிறது. நடைபாதையில் எங்கள் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் அவருக்கு அண்ணலின் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' பற்றிச் சொன்னோம். தீண்டாமை என்பது நடைமுறையில் என்ன செய்யும் என்பது வெளிநாட்டவருக்கு எளிதில் புரியாது, அவர்களுக்குப் புரியவைக்க என்ன வழி என்று யோசித்தபடிதான் அது தொடங்கும். அதில் பாதிக்கு மேல் பயணம்தான். 1901இல் அப்பாவைப் பார்க்க சாத்தாராவிலிருந்து ரயிலேறிய நான்கு சிறுவர்கள் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரிக்கிறார். யார் நீங்கள் என்று கேட்டதும் ஒன்பது வயது பீமாராவ் யோசிக்காமல் மகர் என்று சொல்லிவிடுகிறார். அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருகிறார். கூடையில் சாப்பாடு இருந்தும் தண்ணி கிடைக்காமல் ராத்திரி முழுவதும் பட்டினி. வழியில் சுங்கச்சாவடிக்காரரிடம் தண்ணி கேட்கும்போது, வண்டிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி முஸ்லிம் என்று சொல்லிப் பார்க்கிறார் அந்தச் சிறுவர். அப்போதும் கிடைக்கவில்லை. ஒரே நாளில் உண்மை, மறைப்பு இரண்டையும் அவர் கற்றுக்கொண்டார். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தவர், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்க வேண்டியிருந்தது. பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள்.

"ஆகவே உங்கள் தலைவரும் மறைத்திருக்கிறார்" என்றார் தோழி.

ஆமாம் என்றோம். சொன்னதும் கூசியது. அண்ணலுக்கு அன்று அந்த ஊரில் தலைசாய்க்க வேறு இடமில்லை. எங்களுக்கு என்ன போயிருக்கும்? ஒரு முறுக்கு. எட்டு மணி நேரம் ஒரு பெஞ்சில் முகம் கொடுக்காமல் வந்திருப்பார்கள். அல்லது அதுவும் இல்லாமல், "அதனால என்னப்பா, எங்க வீட்டுக்குக்கூட அவங்க வருவாங்க" என்ற அந்த வழக்கமான வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆணவக்கொலை நடந்த ஊர்களுக்குள் பயமில்லாமல் போய் விசாரித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். அங்கே வாய் திறந்தது, இங்கே திறக்கவில்லை. எதிரியிடம் சொல்வது சுலபம். நம் கையைப் பிடித்துக்கொண்டு முறுக்கு கொடுக்கிறவர் முகம் மாறுவதைப் பார்ப்பதுதான் எங்களுக்கு முடியவில்லை.

முதுகலையில் கோஃப்மனின் 'ஸ்டிக்மா' பாடமாக இருந்தது. 1963இல் வந்த புத்தகம். அடையாளத்தை மறைத்துக் கடந்துபோவது பற்றி அதில் நிறைய இருக்கிறது. பத்து மதிப்பெண் கேள்விக்கு நாங்கள் இருவரும் நன்றாக எழுதினோம். ரயில்வேயோடு வரும் நவீனத் தொழில், சாதி நிற்கும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைக்கும் என்று 1853இல், பம்பாய்க்கும் தாணேவுக்கும் ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், மார்க்ஸ் எழுதியதையும் படித்தோம். ரயில் சாதியைக் கரைத்ததோ இல்லையோ, அடுத்தவர் யார் என்று தெரியாமல் தொடையோடு தொடை ஒட்டி உட்காரவைத்தது. தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாமல்தான் அந்தக் கேள்வி பிறக்கிறது. ஜெனரலில் குமாரிடம் கேட்டார்கள், ஸ்லீப்பரில் எங்களிடம் கேட்டார்கள். தோழியிடமும் எந்த நாடு என்று கேட்டார்கள். அவர் பதில் சொன்னதும் இடம் கொடுத்தார்கள்.

விடிகாலையில் கூடூர் தாண்டியதும் அம்மா எழுந்து தலை வாரி, காசிக் கயிறு ஒன்றைத் தோழியின் கையில் கட்டிவிட்டார். சென்ட்ரல் நெருங்கும்போது ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "அட்ரஸ் எழுதிக் குடு பாப்பா. அந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரேன்" என்றார்.

எங்களில் ஒருவர் வாங்கினோம். பெயர் எழுதினோம். கதவு எண் எழுதினோம். அடுத்த வரியில் பேனா நின்றது. வண்டி பேசின் பிரிட்ஜில் வழக்கம்போல் சிக்னலுக்காக நின்றிருந்தது. மற்றவர் எட்டிப் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அம்பேத்கர் தெரு, ஆதிதிராவிடர் காலனி என்று முழுசாக எழுதி, ஊர்ப் பெயரும் பின்கோடும் போட்டு, செல்போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தோம்.

அம்மா கண்ணாடியை எங்கேயோ பைக்குள் வைத்துவிட்டிருந்தார். தாளை நான்காக மடித்து, கங்கைத் தண்ணீர் பாட்டில் இருந்த பையின் வெளி அறையில் செருகிக்கொண்டார். பிளாட்பாரத்தில் இறங்கியதும் எங்கள் இருவர் கன்னத்தையும் வழித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். தோழி ஜிப்பைத் திறந்து வில்லையை எடுத்துக் கொடுத்தார். அதைப் பையில் குத்திக்கொண்டு தாம்பரம் வண்டிக்கு நடந்தோம்.

அந்த எண் இன்னும் மாறவில்லை. இதுவரை அவர் கூப்பிடவில்லை.